கோயம்புத்தூரிலிருந்து ஒரு பார்வையாளர்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். யாரும் கேட்காமலேயே இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம். சின்னாளபட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் சுங்குடிச் சேலைக் கடை. அங்கே என் முதல் பட்டதாரிச் சான்றிதழை லேமினேட் செய்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன். (சாமிக்குக் கொஞ்சம் கீழேதான், அந்த அளவுக்கு அடக்கம் உண்டு.) அப்பேர்ப்பட்ட படிப்பாளி செய்த காரியத்தை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கடைக்கு ஓர் இணையதளம் செய்தேன். முகவரிக்கு முன்னால் சின்னப் பூட்டுப் படம் வந்த அன்று, தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்தவள் போல அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது எதுக்கு பாப்பா பூட்டு?"

"யாரு வாரா, என்னத்தப் பாக்குறான்னு ஒருத்தருக்கும் தெரியாதுப்பா."

"ஒருத்தருக்குமா?"

"ஒருத்தருக்கும். உங்க திண்டுக்கல் பூட்டெல்லாம் இதுகிட்ட நிக்காது."

அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். ஒரு தொடுதலில் தளம் திறக்கும்படி அவர் போனில் வைத்துக் கொடுத்தேன். (நான் சொன்னது பாதிப் பொய். வழியில் எட்டிப் பார்ப்பவர்களைத்தான் அந்தப் பூட்டு தடுக்கும். கடைக்காரி உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாளே! யார் எந்த ஊரிலிருந்து வந்து எந்தப் படத்தில் எத்தனை நிமிடம் நின்றார்கள் என்று காட்டும் கருவியையும் நானே பொருத்தியிருந்தேன்.)

அந்தக் கருவியில்தான் அந்த ஆள் வந்தார். ஊர், கோயம்புத்தூர். தினமும் மதியம் இரண்டு மணி. வேறு எதையும் பார்ப்பதில்லை. நேராகப் பதினேழாவது படம். பத்து நிமிடம்.

பதினேழாவது படம் என் அக்கா செல்வி. எட்டாவதோடு நின்று மில்லுக்குப் போனவள். அவள் போனதால்தான் நான் ஒன்பதாவது போனேன். நான்கு வருடத்துக்கு முன்பு, மில்லில் பழகியவரைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டாள். "அவ பேச்சை இந்த வீட்டுல எடுக்கப்படாது" என்றார் அப்பா. அவள் போன் எண்ணும் மாறிவிட்டது. சுவரிலிருந்த படங்கள் இரும்புப் பெட்டிக்குள் போயின. மாம்பழ நிறச் சேலையில் அவள் சிரிக்கும் ஒரு படத்தை மட்டும் தளத்தில் ஒளித்துவைத்தேன். சேலைப் படம் என்றால் யார் கேட்கப்போகிறார்கள்?

இரண்டு மணியானால் சோற்றுத் தட்டோடு திரை முன்னால் உட்கார்ந்துவிடுவேன். கோயம்புத்தூர் வந்ததும் தட்டை ஓரம் தள்ளிவிட்டு நிமிடங்களை எண்ணுவேன். அது அக்காவேதான், வேறு யார்? ஒரு நாள் பன்னிரண்டு நிமிடம் நின்றாள். அன்று பொழுதுக்கும் காரணமில்லாமல் அம்மாவைக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

பொறுக்க முடியவில்லை. எந்தப் படத்தைத் திறந்தாலும் நடுவில் தோன்றும்படி எழுதினேன்: 'கோயம்புத்தூரிலிருந்து தினமும் வரும் உனக்கு. மதியம் இரண்டு மணிக்கு நீ வருவது எனக்குத் தெரியும். எந்தப் படத்தில் நிற்கிறாய் என்பதும் தெரியும். காத்திருக்கிறேன். ஒரு போன் செய்.'

பெயர் போடவில்லை. அவ்வளவு சாமர்த்தியம்.

மறுநாள் காலை முதல் போனே கோயம்புத்தூரிலிருந்துதான். "அக்கா!" என்று கத்தினேன்.

"அக்கா இல்லீங்க அம்மணி" என்றார், எங்களிடம் மொத்தமாகச் சேலை எடுக்கும் வியாபாரி. "சேல பாக்கலாமுன்னு தொறந்தனுங்க. எவ அவ உங்களுக்காகக் காத்துட்டு இருக்கறவன்னு ஊட்டுக்காரி சாமி ஆடறாளுங்க. ரெண்டு மணிக்கு நான் தூங்கீட்டு இருப்பனுங்க, நீங்களே சொல்லிப்போடுங்க!"

அவர் மனைவியிடம் அரை மணி நேரம் சத்தியம் செய்தேன்.

மதியம் இரண்டு மணி. திரையில் கோயம்புத்தூர் வந்துவிட்டது. போனையே பார்த்திருந்தேன். போன் அடிக்கவில்லை. சேலைக் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து அப்பா எழுந்து வந்தார், தன் போனை எட்ட நீட்டிப் பிடித்தபடி.

"பாப்பா, என்னமோ எழுத்து வந்து நடுவுல நிக்குது. தள்ளுனாலும் போக மாட்டேங்குது. என்னான்னு வாசி."

எழுத்துக்குப் பின்னால் மாம்பழ நிறச் சேலை தெரிந்தது.

வாசித்தேன். 'கோயம்புத்தூரிலிருந்து தினமும்...' அங்கேயே நிறுத்திவிட்டு, என் திரையைத் திரும்பிப் பார்த்தேன். (செல்போனில் பார்ப்பவரின் ஊருக்குப் பதிலாக, அந்த செல்போன் கம்பெனியின் கணினி இருக்கும் ஊரையும் கருவி காட்டலாமாம். பட்டதாரி பிறகுதான் தெரிந்துகொண்டாள்.)

"முழுசா வாசி."

வாசித்து முடித்தேன்.

"நான் எப்ப தாயி கோயம்புத்தூர் போனேன்?" என்றார். பிறகு மெதுவாக, "ஒருத்தருக்கும் தெரியாதுன்னியே" என்றார்.

"சேலை டிசைன் பாத்தீங்களாப்பா?" என்றேன்.

"ஆமா." வேட்டி நுனியால் போனைத் துடைத்தார். "அப்ப அவ ஒரு நாக்கூட வரலையா?"

"இல்லப்பா... இதை எடுத்துரட்டுமா?"

"இருக்கட்டும். என்னைக்காச்சும் வந்தா வாசிக்கட்டும். ஓரமா மட்டும் தள்ளி வையி. மொகம் மறையுது."

அக்கா பெயரையும் சேர்த்து, ஓரமாகத் தள்ளிவைத்தேன். சான்றிதழை ஒரு சாண் இறக்கி மாட்டினேன். அந்தக் கருவியையும் எடுத்துவிட்டேன். இனி யார் வந்தாலும் எனக்குத் தெரியாது. அவள் வந்தாலும்.

அப்பா இப்போது ஒளிவதில்லை. இரண்டு மணிக்கு அவர் போனைக் கையில் எடுத்ததும், அம்மா தட்டைக் கழுவியபடியே குரல் கொடுப்பாள்: "கோயம்புத்தூர் கெளம்பியாச்சா? திரும்பி வாரப்ப அவளையும் கையோட கூட்டிட்டு வாங்க."

மூன்று பேரும் சிரிப்போம். அப்புறம் பத்து நிமிடத்துக்கு வீட்டில் யாரும் பேசுவதில்லை.