அறுபது பச்சைப் பனியன்கள்

விழிப்பூட்டி என்று ஓர் இனம் உண்டு. கோவைக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் ஆகஸ்டு வாக்கில் தென்படும். உலகச் சுற்றுச்சூழல் நாள் ஜூன் ஐந்தாம் தேதி அல்லவா என்று கேட்காதீர்கள். அன்று கல்லூரிக்கு விடுமுறை. உலகம்தான் இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அடையாளம் காண்பது எளிது. கையில் ஒரு ஃபைல் இருக்கும், அதற்குள் இன்னொரு ஃபைல் இருக்கும், கழுத்தில் விசில் தொங்கும், எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் முதலில் மைக் செட்டுக்குக் கரண்ட் எங்கே எடுப்பது என்று பார்க்கும், அடுத்து போட்டோவுக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்க்கும், அப்புறம் நேரமிருந்தால் தெருவைப் பார்க்கும். ‘மக்கள்கிட்ட அவேர்னஸ் இல்லீங்க’ என்பது அதன் கூவல். ‘மரங்களைக் காப்போம்’ என்று அச்சடித்த தாளை வீட்டுக்கு நான்கு வீதம் கொடுத்துவிட்டு, களைப்பாறப் பிளாஸ்டிக் கப்பில் ஜூஸ் குடிக்கும். கப் எங்கே போகும்? அதையெல்லாம் கேட்கிறவர்களுக்குத்தான் அவேர்னஸ் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்தில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி, ரூபன். விலங்கியல் இரண்டாமாண்டு, கல்லூரிப் பசுமை மன்றத்தின் செயலாளர். கெட்டவன் இல்லை. பல் தேய்க்கும்போது குழாயை மூடிவைப்பான். எறும்பு வரிசையைக் கண்டால் தாண்டிப் போவான். ஆனால் கல்லூரிகளுக்கு இடையே விழிப்புணர்வுக் கேடயம் என்று ஒன்று இருந்தது. அதற்கான படிவத்தில் ‘விழிப்புணர்வு பெற்றோர் எண்ணிக்கை’ என்று ஒரு கட்டமும் இருந்தது. அந்தக் கட்டம் ரூபனைத் தூங்கவிடவில்லை.

அவன் தேர்ந்தெடுத்த இடம் அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு தெரு. அங்கே ஒரு சாயப்பட்டறையின் கழிவு வாய்க்காலில் ஓடி, வாய்க்கால் தெருக்கிணற்றில் ஊறி, கிணற்றுத் தண்ணீர் வாரம் ஒரு நிறமாக மாறிக்கொண்டிருந்தது. குடிக்கிற தண்ணீருக்காகச் சனங்கள் விடியுமுன் நான்கு மணிக்கே எழுந்து, குடத்தோடு இரண்டு மைல் தள்ளியிருந்த தோட்டத்துக்கு நடந்தார்கள். அவர்களை விழிக்கச் செய்ய ரூபன் பத்தரை மணிக்கு வந்தான்.

அன்று வந்தது இடம் பார்க்க. பாவாத்தாள் பிடித்துக்கொண்டாள். அதே தெருக்காரி, பனியன் கம்பெனியில் தைத்த துணியின் நூல் பிசிறு வெட்டுகிறவள்.

“ஏனுங் தம்பி, திங்கக்கெழமை கலெக்டராபீசுல மனுக் குடுக்கோணுங்க. பட்டறை பேரைப் போட்டு எழுதி, கீழ மொதக் கையெழுத்து நீங்க போட்டாப் போதுமுங்க. எங்க சனம் பாதி அங்கதான் வேலைக்குப் போவுது. மொதல்ல போடறவனுக்கு வேலை போயிருமுங்க.”

“மனுவெல்லாம் அப்பறம்ங்க்கா. மொதல்ல அவேர்னஸ் வரட்டும்.”

“அது எந்த பஸ்ஸுல வருதுங்க?”

ரூபன் சிரித்துச் சமாளித்தான். அவனுக்கு வேறு வேலை இருந்தது. ஊர்வலத்துக்கு அறுபது பனியன் வேண்டும். இலவசமாகத் தருகிற ஒரு நல்ல மனிதரும் கிடைத்துவிட்டார். ‘பசுமையே நம் மூச்சு’ என்று முன்னால் அச்சடித்து, முதுகில் தம் பட்டறையின் பெயரையும் போட்டு, கொடியசைத்துத் தொடங்கிவைக்கவும் ஒப்புக்கொண்டார். ஆமாம், அதே சாயப்பட்டறை முதலாளிதான். “சமுதாயத்தோட எல்லாத் தரப்பையும் சேத்துக்கணும்” என்றான் ரூபன். “திருடனைக் கூப்பிட்டுப் பூட்டுத் திறப்பு விழாவா?” என்றாள் மெர்சி. மன்றத்தின் போட்டோகிராபர்; அவள் கேமராவின் லென்ஸைப் போலவே அவளுக்கும் வாய் மூடியிருக்கும் நேரம் குறைவு.

சனிக்கிழமை வந்தது. வாய்க்கால் பச்சைப் பசேலென்று ஓடிக்கொண்டிருந்தது.

“போன வாரம் ஊதாவா இருந்துச்சுங்க” என்றாள் பாவாத்தாள். “நேத்துக் காத்தாலருந்து பச்சைங்க. யாருக்கோ பெரிய ஆர்டருன்னு நெனச்சேன். உங்களுக்குத்தானுங்களா?”

ரூபன் தன் பனியனைப் பார்த்தான். வாய்க்காலைப் பார்த்தான். விசிலை ஊதினான். வேறென்ன செய்வான்?

முதலாளி அம்பாசடரிலிருந்து இறங்கி, பசுமை பற்றி இருபது நிமிடம் பேசி, கொடியை அசைத்தார். ஊர்வலம் கிளம்பி ஐம்பதடி போவதற்குள் சாரல் பிடித்தது. பெரிய மழை இல்லை. துணி நனைகிற அளவுதான். அது போதுமாயிருந்தது. அவசரத்தில் முக்கியெடுத்த பச்சை, பனியனிலிருந்து கைக்கு இறங்கி, கையிலிருந்து வெள்ளைப் பேண்டுக்கு இறங்கி, அறுபது பேரும் கொடியிலிருந்து பறித்த பாகற்காய் மாதிரி நின்றார்கள்.

“மழைத்தண்ணி சரியில்லீங்க தம்பி. நம்ம கலர் நிக்கும்” என்று சொல்லிக்கொண்டே முதலாளி காரில் ஏறிவிட்டார்.

“கழுவிக்கிறீங்களா கண்ணு?” பாவாத்தாள் கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து வைத்தாள். அதுவும் பச்சை. “எங்க தண்ணி உங்களுக்குத் தோதா இருக்குமுங்க. ரெண்டும் ஒரே சாயந்தான்.”

தெருவே சிரித்தது. ரூபன் சிரிக்கவில்லை. இந்தக் கோலத்தில் எடுக்கிற போட்டோவுக்குக் கேடயம் கிடைக்காது. வாளியைப் பார்த்தபடியே நின்றான். அவன் இதோடு ஊருக்குப் போய் சோப்புப் போட்டுக் குளிப்பான். இவர்கள்?

“இப்பவாச்சும் எழுதித் தாரீங்களா?” தாளை நீட்டினாள்.

வாங்கி எழுதினான். நன்றாகவே எழுதினான். பட்டறையின் பெயர் வரவேண்டிய இடத்தில் பேனா நின்றது.

“‘சில நிறுவனங்கள்’னு போட்டுக்கலாமாங்க்கா?”

மெர்சி அவன் முன்னால் வந்து, திரும்பி, முதுகைக் காட்டி நின்றாள். “பாத்து எழுது. எழுத்து எழுத்தா அச்சடிச்சே குடுத்திருக்காரு.”

ரூபன் பார்த்து எழுதினான். கீழே முதல் கையெழுத்தும் போட்டான். அவனுக்குப் பின்னால் ஐம்பத்தொன்பது மாணவர்கள் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் தெரு போட்டது.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் பாவாத்தாள் மனுவோடு ஒரு ஈரப் பனியனையும் மேசைமேல் வைத்தாள்.

“இதென்னம்மா?”

“மனுவுக்கு இணைப்புங்க. புழிஞ்சு பாருங்க.”

பிழிந்த அதிகாரி சாயங்காலம் வரை பச்சைக் கையோடு கையெழுத்துப் போட்டாராம். அந்த வாரமே தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. பட்டறையின் வாய்க்கால் மடையும் அடைபட்டது. சுத்திகரிக்கும் தொட்டி கட்டிய பிறகுதான் திறக்கலாம் என்று உத்தரவு.

கேடயம்? அது வேறு கல்லூரிக்குப் போயிற்று. அவர்கள் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே தண்ணீரைப் பற்றி அழகாக ரங்கோலி போட்டிருந்தார்கள். ரூபனும் படிவத்தை அனுப்பத்தான் செய்தான். ‘விழிப்புணர்வு பெற்றோர் எண்ணிக்கை’ என்ற கட்டத்தில் முன்கூட்டியே எழுதிவைத்திருந்த 450ஐ அடித்துவிட்டு, 60 என்று திருத்தியிருந்தான்.

இதைப் படித்துவிட்டு, ‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதைச் செய்தாலும் விளம்பரம்தான், சனங்களுக்கும் விழிப்புணர்வே இல்லை’ என்று நாற்காலியில் சாய்ந்து தலையாட்டினீர்களா? ஃபைலும் விசிலும் இல்லாத விழிப்பூட்டிகளும் உண்டு. அவற்றைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஒரே ஒரு கேள்வி. உங்கள் மேல் இருக்கிற சட்டை என்ன நிறம்?

சொல்ல வேண்டாம். நீங்கள் அதைக் கடையில் பார்ப்பதற்கு மூன்று மாதம் முன்பே ஏதோ ஒரு தெருவில் ஒரு பாவாத்தாள் கிணற்றில் பார்த்துவிட்டாள்.