லிஃப்ட் பழுது, படியில் ஏறவும்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டை நிறுத்தி, 'பழுது, படியில் ஏறவும்' என்ற அட்டையை மெக்கானிக் தன் கையாலேயே மாட்டினார். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிற மனுஷர், தான் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டுக்கு மட்டும் எமனாகிவிட்டார்.

"என்ன சார் ஆச்சு?" என்றார் வாட்ச்மேன்.

"உள்ளே பெரிய கோளாறு. யாரும் தொடக்கூடாது."

உண்மையான கோளாறு ஏழாம் மாடியில் இருந்தது. அவருடைய பதினாறு வயது மகளுக்குச் சர்க்கரை நோய். உடம்பில் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் அதன் பேச்சை உடம்பு கேட்பதில்லை என்று டாக்டரம்மா விளக்கியிருந்தார்.

"வளர்ற வயசு ஹார்மோன், பரம்பரை, எடை, அசையாம உட்கார்றது, தூக்கக் குறைவு, மன அழுத்தம், எல்லாமே காரணமா இருக்கலாம். மாத்திரையோட இதையும் கவனிங்க. குறையலைன்னா ஊசிதான்."

ஊசி என்றதும் மகள் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் பிடித்த அதே பிடி. மெக்கானிக்குக் கண் கலங்கியது. தைரியம் மட்டும் கலங்கவில்லை.

"இது நம்ம தொழில்தாம்மா! சந்தேகப்படுற பார்ட்டை ஒவ்வொண்ணா கழட்டணும். எதைக் கழட்டினதும் மெஷின் ஓடுதோ, அதுதான் கோளாறு. இந்த ரூல் பொய்யானதே கிடையாது."

முதல் சந்தேகம் சாப்பாடு. சமையலறை அலமாரியைப் பூட்டி, சாவியை வேலைக்கு எடுத்துப் போனார். மனைவி ஒரு சிட்டிகை உப்புக்குக்கூட அவருக்கு ஃபோன் போட வேண்டியதாயிற்று. சர்க்கரை ஏறியது.

அடுத்தது தூக்கம். ராத்திரி சீக்கிரமே மெயின் ஸ்விட்சை அணைத்தார். படிக்காத பாடத்தை நினைத்து மகள் இருட்டில் புழுங்கினாள். கொஞ்சம் கண்ணயர்ந்ததும், விடியுமுன் எழுப்பி விரலில் குத்தினார்.

"என்னப்பா இது!"

"நீ நல்லா தூங்கினியான்னு டெஸ்ட் பண்ண வேண்டாமா?"

சர்க்கரை இன்னும் ஏறியது.

மன அழுத்தத்தைக் கழற்ற, "கவலைப்படாதேம்மா" என்று சொல்வதற்காகவே அடிக்கடி ஃபோன் செய்தார். பாடத்தின் நடுவே மணி அடிக்க, ஆசிரியை அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்.

"ஏங்க, அவளைக் கொஞ்சம் சும்மா விடுங்களேன்," என்றாள் மனைவி.

"சும்மா விட்டா மெஷின் தானா ஓடிருமா?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் என்ன பேசுவது? மிச்சமிருந்தது அசையாமல் உட்கார்வது. அதற்காகத்தான் லிஃப்ட் நின்றது.

மகள் படியேற, பின்னாலேயே இவர். "ம், வேகமா! மூச்சை இழு! நிக்காதே!" ஐந்தாம் மாடிக்காரர் கேஸ் சிலிண்டரோடு படியில் உட்கார்ந்து, இவருடைய ஏழு தலைமுறையையும் வாயார வாழ்த்தினார். கட்டடமே மூச்சு வாங்கியது. சர்க்கரை மட்டும் களைக்காமல் ஏறியது.

அந்த நேரம் பார்த்து கம்பெனி அவரைப் பத்து நாள் வெளியூர் வேலைக்கு அனுப்பியது. போன இடத்தில் ஃபோனில் சிக்னலும் இல்லை. லிஃப்ட் சாவியை மனைவியிடம் கொடுத்து, "உயிரே போனாலும் ஓடக்கூடாது," என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

அவர் திரும்பிய அன்றுதான் டாக்டரம்மா மறுபடி வரச் சொல்லியிருந்த நாள். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மனைவியும் மகளும் அங்கே காத்திருந்தார்கள்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா குறைஞ்சிருக்கே! இப்போதைக்கு ஊசி வேண்டாம். என்னம்மா பண்ணினே?"

"பெருசா ஒண்ணும் இல்ல டாக்டர். நிம்மதியா தூங்கினேன். சாயங்காலம் ஃப்ரெண்டோட பேசிக்கிட்டே நடந்தேன்."

"படி டாக்டர், படி!" மெக்கானிக் குறுக்கே பாய்ந்தார். "ஏழு மாடிப் படி! கோளாறைப் பிடிச்சிட்டேன்!"

மனைவியும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாத்திரை வாங்க வேண்டுமென்று மருந்துக் கடைப் பக்கம் நழுவினார்கள்.

மெக்கானிக் சந்தோஷம் தாங்காமல் தனியாகவே வீடு வந்து, வாசலிலேயே வாட்ச்மேனைக் கட்டிப் பிடித்தார்.

"என் பொண்ணுக்கு ஊசி இல்லய்யா! அந்த லிஃப்டை நிறுத்தினேன் பாருங்க, அதுதான் மருந்து. இனிமே அது ஓடவே வேண்டாம்!"

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார்.

"லிஃப்ட் பத்து நாளா ஓடிக்கிட்டுதானே சார் இருக்கு, நீங்க கிளம்பின அன்னிக்கே அம்மா சாவியைக் கொடுத்துட்டாங்க, இங்க இல்லாம இருந்தது நீங்க மட்டும்தான்."