எறும்புச் சாமியின் விபூதி

1952-இல் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அரிசி விலையைவிட வேகமாக ஏறியது ஒன்றே ஒன்றுதான்: எறும்புச் சாமியின் புகழ். விடியுமுன்னே வாசலில் வரிசை! கல்லாற்றுக் காட்டில் பன்னிரண்டு வருஷம் தவமிருந்து எறும்புகளின் பாஷையைக் கற்றவராம். மனிதர்களோடு பேசினால் கேள்வி கேட்பார்கள், எறும்பு கேட்காது. விவரமான சாமிதான்!

வைத்தியம் நீரிழிவுக்கு. முதல் நாள் நோயாளியின் மூத்திரத்தைச் சிரட்டையில் ஊற்றிப் புற்றருகே வைப்பார். எறும்பு மொய்க்கும். "கண்டோ? சர்க்கரை!" பிறகு நாற்பது நாள் கஷாயம், நாற்பது ரூபாய் தட்சணை. கடைசி நாள் அதே சோதனை. ஆனால் சிரட்டையைச் சுற்றி ஒரு பிடி விபூதி தூவப்படும். ஓர் எறும்புகூட நெருங்காது. "தீனம் போயி! எறும்பு கள்ளம் பறயாது!" நோய் போய்விட்டதாம், எறும்பு பொய் சொல்லாதாம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். படித்த வக்கீல்கள் இரண்டு தரம் போட்டுக்கொள்வார்கள்.

அரிசி மண்டி குற்றாலலிங்கம் பிள்ளையும் அப்படிக் குணமானவர். அந்தச் சந்தோஷத்தில் இன்சுலின் ஊசியை ஓடையில் எறிந்துவிட்டார். குதிகால் புண்தான் சாமி பேச்சைக் கேட்கவில்லை. நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே வந்தது.

அவர் மனைவி முத்தாரம்மாள் ஆசுபத்திரிப் பாடத்தை நினைத்துப் பார்த்தாள். ஆசுபத்திரியில் நர்ஸ் ரத்னாபாய் வியாழன்தோறும் நோயாளிகளையும் வீட்டாரையும் உட்காரவைத்து, ஊசி எதற்கு, சோறு எவ்வளவு என்றெல்லாம் விளக்குவாள். பிள்ளை அங்கே குறட்டை விட்டார்; அம்மாள் கவனித்துக் கேட்டாள். நீல மருந்தில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. செங்கல் நிறமானால் சர்க்கரை. வீட்டில் காய்ச்சிப் பார்த்தாள். அசல் செங்கல்!

"ஏங்க, சர்க்கரை அப்படியே இருக்கு. காலை எடுக்கும்படி ஆயிரும். ஊசி போடுங்க."

"சும்மா கெட! எறும்புக்குத் தெரியாதது உன் குப்பிக்குத் தெரிஞ்சிட்டாக்கும்?"

"அப்போ எறும்புகிட்டயே கேட்டிருவோம். வாங்க."

மறுநாள் ஒரு செம்போடு சாமி முன் நின்றாள். பிள்ளை நொண்டிக்கொண்டே பின்னால் வந்தார்.

"சாமி, இவுகளுக்கு இன்னொரு தரம் பாக்கணும்."

சாமி செம்பிலிருந்து சிரட்டையில் ஊற்றி, விபூதி தூவினார். எறும்புகள் வந்தன, முகர்ந்தன, திரும்பிப் போயின.

"பூர்ண சுகம்! ஒரு துளி மதுரம் இல்லா!"

முத்தாரம்மாள் செம்பைத் தூக்கி மடக் மடக்கென்று பாதியைக் குடித்தாள்.

"ஐயையோ!" என்று கூட்டம் மூக்கைப் பொத்தியது.

"பதறாதீங்க. இது நம்ம வீட்டு வெல்லம் கரைச்ச தண்ணி. சாமி புண்ணியத்துல வெல்லத்துக்கே நீரிழிவு குணமாயிட்டுல்லா!"

மீதியை வேறொரு சிரட்டையில் விபூதி தூவாமல் வைத்தாள். எறும்புப் படை திரண்டு வந்தது. சாமியின் விபூதியைக் கிள்ளி முகர்ந்தாள்.

"பாதிக்குப் பாதி கற்பூரம்! எறும்பு வராம இருக்க நானும் பலகாரப் பானையைச் சுத்தி இதைத்தான் போடுதேன்."

சாமி எறும்புகளிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் பின்வாசல் வழியே ஓடினார்.

பிள்ளை தம் காலைப் பார்த்தார். "ஏட்டி, வேற ஊசி கிடைக்குமா?"

"வாங்கி வச்சிருக்கேன். வாங்க."

அதற்குள் கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. இரண்டு வக்கீல்கள் முன்னால் வந்து கையேந்தினார்கள்: "தாயே, அந்த வெல்லத் தீர்த்தம் ஒரு சொட்டு..."

"கூறுகெட்ட கூட்டமாவுல்லா இருக்கு! நான் தாயுமில்ல, தேவியுமில்ல. வியாழக்கிழமை ஆசுபத்திரிக்கு வந்து, புரியாததைக் கேளுங்க. கும்பிட்டுக் கும்பிட்டுத்தான் இவுக கால் இந்த லட்சணத்துல இருக்கு!"