நான் நிமிர்த்திய நெளிசல்

ஒரு பொருளை ஒரேயடியாகக் கெடுக்க வேண்டுமென்றால், அதைப் பாசத்தோடு திருத்தப் போக வேண்டும். என் அண்ணனின் மோட்டார் சைக்கிளை நான் அப்படித்தான் திருத்தினேன்.

அண்ணன் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மலையில் ஆட்களின் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்காக இருந்தார். மலை உச்சிவரை வேலை பார்க்கப் போகிறவருக்குச் சாதாரண வண்டி உதவாது. கல்லிலும் சேற்றிலும் ஏறுவதற்கென்றே செய்த பழைய ட்ரெயில் பைக் ஒன்று வைத்திருந்தார். அது என்னைவிட இரண்டு வயது மூத்தது. (என்னைவிட நன்றாக மேடும் ஏறும்.) ஒருநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மாரடைப்பு.

விறகுக் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடியிருந்த பைக், ஆறே மாதத்தில் துருவேறி இறுகிப்போனது. வருசத் திவசத்துக்குள் அதை ஓடவைத்து அண்ணியின் முன்னால் நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. நானோ ஹட்டனில் கணக்கு வாத்தியார். அதுவரை நான் கழற்றிப் பூட்டிய ஒரே இயந்திரம் பேனா.

"சும்மா சர்வீஸ் பண்ணிட்டு வாறேன் அண்ணி" என்று சொல்லி லொறியில் ஏற்றி வந்தேன். ஞாயிறுதோறும் கைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து வேலை செய்தேன். பிஸ்டனை அசைக்கவே மூன்று ஞாயிறு போயின. காப்ரேட்டரை என் மனைவியின் இட்லிச் சட்டியில் போட்டு அவித்தேன். (அதன்பின் ஒரு மாதம் எங்கள் வீட்டு இட்லி பெட்ரோல் மணத்தது.) பெட்ரோல் டாங்கியின் இடப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நெளிசல் இருந்தது. டிங்கர் வேலைக்காரரிடம் கொடுத்து அதை நிமிர்த்தி, பளபளவென்று சிவப்புப் பெயின்ட் அடித்தேன். எனக்கு அதில்தான் பெருமை அதிகம்.

திவசத்தன்று படையல் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் வாசலில் நிற்கும்போது, பைக்கை உருட்டி வந்து நிறுத்தினேன். அண்ணி எழுந்து வந்தார். பெயின்டைப் பார்க்கவில்லை. டாங்கியின் இடப்பக்கத்தைக் கையால் தடவினார். மறுபடியும் தடவினார்.

"இதுல ஒரு நெளிசல் இருந்துச்சே தம்பி?"

"நிமித்திட்டேன் அண்ணி! இனி தேடினாலும் கெடைக்காது!"

அண்ணி கையை எடுக்கவில்லை.

"கல்யாணமான வாரம் என்னய பின்னால ஏத்திக்கிட்டு மலைக்குப் போனாரு. சேத்துல சறுக்கி ரெண்டு பேரும் விழுந்தோம். அப்ப கல்லுல அடிபட்ட எடம் அது. அவரு போன பொறகு, நீங்க கொண்டுபோற வரைக்கும், தெனம் கொட்டகைக்குப் போயி அதுல கைய வச்சிக்கிட்டு நிப்பேன். அத ஏன் எடுத்தீங்க?"

கேள்விக்குப் பதில் தெரியாத வாத்தியார் ஏதாவது வேலை இருப்பதுபோல் நடிப்பார். நான் பைக்கை உதைத்தேன். பதினேழாவது உதையில் கிளம்பியது. அந்தச் சத்தம் கேட்டதும் அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பதற்றத்தில் கியரைப் போட்டுவிட்டேன். நான் பூட்டிய எக்சிலேட்டர் கேபிள், திருகிய இடத்திலேயே இறுகி நின்றுவிட்டது. வாசலைத் தாண்டி, முட்டைக்கோவாப் பாத்தியைத் தாண்டி, தேயிலைக்குள் பாய்ந்தேன். வேட்டி முதல் செடியிலேயே தங்கிவிட்டது. நான் நாலாவது செடிவரை போனேன்.

முதலில் என்னைத் தூக்கினார்கள், பிறகு பைக்கை. டாங்கியின் வலப்பக்கம் சப்பிப்போயிருந்தது. அண்ணி வந்து அதில் கைவைத்துப் பார்த்தார்.

"அவரு விழுந்தது இடது பக்கம்" என்றார். "ஒங்களுக்கு விழக்கூடச் சரியாத் தெரியல தம்பி."

சொல்லும்போதே சிரித்துவிட்டார். கூட்டமே சிரித்தது. பிறகு அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அழாத அழுகை அழுதார். யாரோ கொடுத்த துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

இப்போதெல்லாம் அந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும், ரேடியோ கரகரத்தாலும் அண்ணன் மகள் உடனே சொல்வாள்:

"சித்தப்பா காதுல போட்டுறாதீங்க. திருத்திப்புடுவாரு!"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அண்ணியும் சிரிப்பார். ஆனால் எல்லாரும் சிரித்து முடித்து, கொஞ்ச நேரம் கழித்து.