மரம் துரோகம் செய்யாது

“இந்த வெண்ணெய் இன்னும் வீட்டுக்குள்ள என்ன பண்ணுது?”

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அவருடைய ரத்தத்தில் கொழுப்பு எல்லை மீறிவிட்டது. அடுத்த பரிசோதனைக்குள் அது இறங்காவிட்டால் உடல்தகுதிச் சான்று இல்லை. சான்று இல்லாவிட்டால் கிரேனும் இல்லை. மருத்துவர் சொன்னதைக் கேட்டதிலிருந்து, உலகத்து மாடுகள் அனைத்தும் சேர்ந்து தமக்கெதிராகச் சதி செய்ததாகவே அவர் கொதித்துக்கொண்டிருந்தார்.

“மிருகக் கொழுப்பு இனிமே வாசப்படி ஏறக் கூடாது. மரமும் செடியும் குடுக்கிறதுதான் சமையலுக்கு!”

“சரி, சூரியகாந்தி எண்ணெய் இருக்கு. அதையே கொஞ்சமா ஊத்திக்கறேன்” என்றாள் மனைவி.

“நல்லதை எதுக்குடி கொஞ்சமா ஊத்தணும்? தாராளமா ஊத்து!”

அன்று மாலையே ஒரு பெரிய டப்பா தேங்காயெண்ணெயைத் தோளில் சுமந்து வந்தார். செவிலியர் படிப்பு படிக்கும் மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“அப்பா, இதுவும் வெண்ணெய்க்குப் பங்காளிதான். குளிர்ந்தா உறையுது பாருங்க. அந்த ஜாதிக் கொழுப்புதான் உங்களுக்கு ஆகாது.”

“மரத்துல காய்க்கிறது எப்படிம்மா துரோகம் பண்ணும்? தென்னைக்கும் எனக்கும் என்ன வாய்க்கா தகராறு?”

ஆயினும் உள்ளுக்குள் உறுத்தியது. அடுத்த வாரம் வனஸ்பதி வந்தது.

“ஐயோ, இது அதைவிட மோசம்ப்பா! எண்ணெயைப் பிடிச்சுக் கெட்டியாக்கி அடைச்சு வெச்சிருக்கான்.”

“மேல இலை படம் போட்டிருக்கு. கண்ணு அவிஞ்சு போச்சா?”

வீம்புக்கு அதைவிடப் பெரிய டப்பாவில் பாமாயில் வந்தது. மனைவி மீன் வைத்த தட்டை நீட்டி, இந்தக் கொழுப்பு நல்லது என்று மருத்துவரே சொன்னதை நினைவூட்டினாள்.

“மீன் எந்த மரத்துல காய்க்குது? சொல்லு!”

அவள் மீன் தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

“சரிங்க. நீங்க வாங்கிட்டு வாங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

தம் தர்க்கம் வென்றதாக அவர் மகிழ்ந்தார். அதன்பின் சாப்பாட்டில் ருசி குறைந்தது. தியாகம் இப்படித்தான் சப்பென்று இருக்கும் எனத் தம்மைத் தேற்றிக்கொண்டார். டப்பாக்கள் மளமளவென்று காலியாகும் வேகமோ அவருக்குப் பெருமையளித்தது.

“இப்படியே போனா கிரேன் பக்கமே விடமாட்டாங்கப்பா” என்று மகள் அழாத குறையாகச் சொன்னாள். அவர் அவளோடு பேசுவதையே நிறுத்தினார்.

பரிசோதனை நாளன்று காலை அவர் சட்டைப் பித்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். மதியம் மருத்துவமனையிலிருந்து திரும்பியவரின் குரலில் வீடே அதிர்ந்தது.

“இறங்கிடுச்சு! சான்று குடுத்துட்டான்! என் வீட்டுலயே என்னை நம்பலையே? எத்தனை ஏச்சு, எத்தனை பேச்சு! கேளு மன்னிப்பு! என்கிட்ட இல்ல, அந்தத் தென்னைகிட்ட கேளு!”

படித்த படிப்பனைத்தும் பொய்த்துப்போன குழப்பத்தில் மகள் விழித்தாள். மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள், திரும்பவே இல்லை.

அந்த நேரம் பார்த்து, எதிர்வீட்டில் சோப்பு காய்ச்சி விற்கும் பெண் கதவைத் தள்ளித் தலையை நீட்டினாள்.

“அக்கா, அண்ணன் வாங்கியாற டப்பாவுலதான் சோப்பு கல்லு மாதிரி கெட்டியா வருது, அடுத்த டப்பா எப்பக்கா குடுப்பீங்க?”