பள்ளத்துக்கு முன்னால் காலை எடுப்பவர்

தாமே கேள்வித்தாள் தயாரித்து, தம் பிள்ளைக்கே பரீட்சை வைத்து, தாமே திருத்தி, நூற்றுக்கு நூறு போட்டுவிட்டு, "மார்க் விஷயத்துல நான் ரொம்பக் கறாருங்க" என்று சொல்லிக்கொள்ளும் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். எல்லா ஊரிலும், எல்லாத் தொழிலிலும் இவர்கள் இருக்கிறார்கள். என்றாலும் அசல் ரகத்தைப் பார்க்க வேண்டுமானால் கோயம்புத்தூருக்கு வந்து, பீளமேட்டில் இறங்கி, மின்சார வண்டி தயாரிக்கும் ஒரு கம்பெனியின் பின்வாசலில் நில்லுங்கள். கழுத்தில் அடையாள அட்டையும் முழங்கால் வரை காய்ந்த சேறுமாக ஒருவர் வருவார். அவர்தான். விசிட்டிங் கார்டில் 'டெவலப்மெண்ட் அண்டு டெஸ்ட் இன்ஜினியர்' என்று போட்டிருக்கும். அதாவது வண்டியைப் பெற்றவரும் அவரே, அது தேறுமா தேறாதா என்று சொல்ல வேண்டியவரும் அவரே.

நம்முடையவர் பெயர் கிருபாசங்கர். அவர் உருவாக்கியது, தார் ரோட்டைக் கண்ணால் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு நாலு சக்கர மின்சார வண்டி. தோப்பு, காடு, வரப்பு, சேறு என்று எங்கே விட்டாலும் ஓட வேண்டும், சுமையோடு ஓட வேண்டும். கம்பெனி அதற்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு பெயர் வைத்திருந்தது. கிருபாசங்கர் 'கண்ணு' என்பார். யாரும் பக்கத்தில் இல்லாதபோது மட்டும்.

கண்ணுவை அவர் சோதித்த அழகைச் சொல்ல வேண்டும். காலையில் சீட்டைத் தட்டிக்கொடுத்து ஏறி உட்காருவார். ஊருக்கு வெளியே கம்பெனி வாங்கிப்போட்ட கரட்டுக் காட்டில் இறக்குவார். மேடு வருகிறதா, தூரத்திலிருந்தே ஓர் இழுப்பு. பள்ளம் வருகிறதா, அது வருவதற்கு முன்பே ஆக்சிலேட்டரிலிருந்து கால் மேலே. கல் தெரிகிறதா, கல்லுக்கு மரியாதை கொடுத்து ஓரமாக ஒரு வளைவு. மோட்டார் சூடேறுவதுபோல் இருந்தால் அவருக்கே டீ குடிக்கத் தோன்றிவிடும், வேப்பமரத்தடியில் நிறுத்தி அவர் பிளாஸ்கைத் திறந்து குடித்து முடிப்பதற்குள் மோட்டாரும் ஆறியிருக்கும். இறங்கி வந்து, "முரட்டு ஓட்டம் ஓட்டிப்போட்டேனுங்க, ஒண்ணும் ஆகலை" என்பார். பொய் சொல்கிறாரா? இல்லவே இல்லை. தம் கால் செய்வது அவருக்கே தெரியாது. இந்த இனத்தின் தனிச்சிறப்பே அதுதான்.

வேறு யாராவது ஓட்டி, வண்டி நின்றுவிட்டால்? அதற்கென்று மூன்று வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தார். "கொஞ்சம் பதனமா ஓட்டோணுமுங்க", அதாவது பார்த்துப் பக்குவமாக ஓட்ட வேண்டும் என்பது முதலாவது. "வண்டியில ஒண்ணுமில்லைங்க, ஓட்டுற கையில இருக்குது" என்பது அடுத்தது. எதிராளி ரொம்பவும் மடக்கினால் மட்டும் கடைசி அஸ்திரம்: "எங்கிட்ட ஒரு நாளும் நிக்கலைங்களே!"

இந்த அஸ்திரங்களை அதிகம் வாங்கியவள் கயல்விழி. அதே பிரிவில் வேலை செய்யும் இளம் இன்ஜினியர், போத்தனூர்க்காரி. வண்டி ஏதோ பங்காளி வீட்டு வண்டி என்பதுபோல் ஓட்டுவாள். ஒருநாள் அவள் ஓட்டும்போது பள்ளத்தில் நின்றுவிட்டது.

"வேகமா எறக்கி ஏத்துனா சீட்டுக்கு அடியில ஒரு ஒயர் அசையுதுங்கண்ணா. கரண்டு கட் ஆயிருது."

"வேகமா எதுக்கு அம்மணி எறக்குனே?"

"டெஸ்ட்டுக்குத்தானுங்கண்ணா."

"டெஸ்ட்டுன்னா? மனசாட்சியே இல்லாம ஓட்டுறதா?"

மறுநாளிலிருந்து கயல்விழிக்குச் சார்ஜரைச் சோதிக்கும் வேலை. சார்ஜர் ஓடாது அல்லவா, அதனால் அதை யாரும் பள்ளத்தில் இறக்க முடியாது.

இப்படியே காலம் ஓடியிருக்கும். முதலாளி ஈஸ்வரமூர்த்திதான் ஒருநாள் கூப்பிட்டார். "கிருபா, காங்கேயத்துல சென்னியம்மா தோப்புல வண்டியை ஓட்டிக் காட்டுங்க. அவங்க சரின்னா அந்தச் சுத்து வட்டாரமே வாங்கும். நின்னுபோச்சுன்னா விட்டுருவோம். வெளியூருல ரெடிமேட் வண்டி கெடைக்குது. எறக்கி நம்ம ஸ்டிக்கரை ஒட்டிப்போடலாம்."

கிருபாசங்கருக்கு ஸ்டிக்கர் என்ற சொல்லே போதுமாக இருந்தது. கண்ணுவைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டு, எவனோ பெற்ற வண்டியின் முதுகில் ஸ்டிக்கரை ஒட்டிச் சுருக்கம் நீவிக்கொண்டு நிற்கும் தம்மை நினைத்துப் பார்த்தார். சிரிக்காதீர்கள். பாவம், உண்மையாகவே கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

சென்னியம்மாள் ஐம்பதைத் தாண்டியவர். தோப்பையும் எண்ணெய் மில்லையும் ஒற்றை ஆளாக நடத்துகிறவர். கிருபாசங்கர் முதலில் தாமே ஓட்டிக் காட்டினார். தென்னை மரங்களுக்கு நடுவே வண்டி தொட்டில்போல் அசைந்து போய்த் திரும்பி வந்தது.

"நல்லாத்தான் இருக்குது. நகருங்க தம்பி, நான் ஓட்டறேன்" என்ற சென்னியம்மாள், பின்னால் தேங்காய் மூட்டைகளை ஏற்றச் சொன்னார். சார்ஜரைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்திருந்த கயல்விழி மூட்டைமேல் ஏறிக்கொண்டாள். கிருபாசங்கர் பக்கத்து சீட்டுக்கு மாறினார்.

"கொஞ்சம் பதனமா ஓட்டோணுமுங்கம்மா..."

"பதனமாப் போறதுக்கு எங்கிட்ட மாட்டு வண்டி இருக்குதுங்க தம்பி."

கிளம்பினார். ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் போன். "மில்லுல பெல்ட்டு அந்துபோச்சா? ஆரைக் கேட்டு ஓட்டுனீங்க?" என்று யாரையோ விளாசியபடியே அழுத்தினார். முதல் பள்ளம் வந்தது. கிருபாசங்கரின் வலது கால் மேலே எழும்பியது. அந்தப் பக்கம் ஆக்சிலேட்டர் ஏது? இருந்தாலும் எழும்பியது. கல் வந்தது, உடம்பு முழுவதும் ஓரமாகச் சாய்ந்தது. அடுத்த பள்ளம், மறுபடியும் கால். பின்னால் இருந்த கயல்விழி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு வாய்க்கால் வந்தது. சென்னியம்மாள் வேகத்தைக் குறைக்கவே இல்லை. வண்டி விழுந்தது, எழுந்தது, அக்கரையில் பாதி ஏறியது, நின்றது. லைட்டும் அணைந்தது. ஒரு மூட்டை அவிழ்ந்து தேங்காய்கள் உருண்டு சேற்றில் விழுந்தன.

கிருபாசங்கர் வாயைத் திறந்தார். அதற்குள் சென்னியம்மாள் போனை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க தம்பி, ஏறுனதுல இருந்து உங்க காலைத்தான் பாத்துட்டு வாரேன். பள்ளம் வாரதுக்கு முன்னாலயே மேல தூக்கிக்குது. வண்டியை விக்கறப்ப அந்தக் காலையும் சேத்துக் குடுப்பீங்களா?"

கிருபாசங்கர் குனிந்து பார்த்தார். வலது கால் இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது. மெதுவாக இறக்கி வைத்தார். கயல்விழியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"வண்டி எனக்குப் புடிச்சிருக்குது. அதுனாலதான் சொல்றேன்" என்றார் சென்னியம்மாள். "ஒரு மாசம் இங்கயே கெடக்கட்டும். எங்க ஆளுங்க ஓட்டட்டும், ஒடையறது ஒடையட்டும், இந்தப் புள்ள வந்து பாத்துச் சரி பண்ணட்டும். நீங்க மட்டும் இந்தப் பக்கம் வந்துபோடாதீங்க கண்ணு."

அந்த நேரம் பார்த்து ஈஸ்வரமூர்த்தியின் போன். "ஏனுங்க கிருபா, நின்னுச்சா, நிக்கலையா?"

'எங்கிட்ட நிக்கலைங்க' என்ற கடைசி அஸ்திரம் தொண்டை வரை வந்தது. அதில் பொய்யும் இல்லை. சேற்றில் முகம் புதைத்து நின்ற கண்ணுவைப் பார்த்தார். விழுங்கிக்கொண்டார்.

"நின்னுபோச்சுங்க. இத்தனை நாளும் பாஸானது வண்டியில்லைங்க, என்னோட காலு."

 சென்னியம்மாள் என்ன சொன்னார் என்று முதலாளி கேட்டார். கிருபாசங்கர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

"சரி, அந்த ஒரு மாசம் தாரேன். அதுக்கு மேல ஸ்டிக்கர்தான்" என்று போனை வைத்தார் முதலாளி.

கிருபாசங்கர் சாவியைக் கயல்விழியிடம் கொடுத்தார். "பதன..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டு, "எப்படி வேணுமோ ஓட்டிக்க அம்மணி" என்றார்.  தோப்பு வாசல் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

காங்கேயத்தில் கோயம்புத்தூர் பஸ் ஏறினார். வேகத்தடை வரும்போதெல்லாம் வலது கால் மேலே போய்க்கொண்டுதான் இருந்தது. தோப்பில் நடந்த விவகாரம் அதற்கு இன்னும் போய்ச் சேரவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் அதைக் கவனித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். நன்றாகச் சிரித்து முடித்து, போனை எடுத்து யாரிடமோ சொன்னார்:

"நாளைக்குப் பொண்ணு ஊட்டுக்காரங்க வந்தா, நம்ம பையன்கிட்ட வேலையைப் பத்தி மட்டும் ஒண்ணும் கேக்க வேண்டாமுன்னு சொல்லிப்போடுங்க. மத்தபடி எதைக் கேட்டாலும் டாண் டாண்ணு பதில் சொல்லுவான். நானே கேட்டுப் பாத்துட்டேனுங்க."

பஸ்ஸில் கூட்டம். சிரித்தவர் முகம் சரியாகத் தெரியவில்லை. ஏனுங்க, அன்றைக்கு நீங்கள் அந்தப் பஸ்ஸில் வரவில்லையே?