வெர்னனுக்கு வேலை கிடைக்கக் கூடாது

"முடி வெட்டத் தெரியுமா?"

"சுத்தமாத் தெரியாது, மேடம்" என்றான் வெர்னன், பெருமையாக.

அழகு நிலையத்துக்காரி இமோஜின் அவன் கைகளைப் பார்த்தாள். இருபது வருஷம் தொழிற்சாலையில் ஃபிரிட்ஜ் கதவுக்குத் தகடு அடித்த கைகள். இந்தக் கையில் எவளாவது தலையைக் கொடுப்பாளா? அந்தத் தைரியத்தில்தான் வெர்னன் உள்ளே நுழைந்திருந்தான்.

ஒஹாயோவின் அந்தச் சின்ன ஊரில் ஃபிரிட்ஜ் தொழிற்சாலை மூடியதிலிருந்து, அரசாங்கம் கொடுத்த வேலையில்லாப் பணத்தில்தான் அவன் வீட்டு அடுப்பு எரிந்தது. அது தீர்ந்ததும் நீட்டிப்புப் பணம் வந்தது. அதில் ஒரு வில்லங்கம். வாராவாரம் கடை கடையாக ஏறி வேலை கேட்க வேண்டும். யாராவது கொடுத்துத் தொலைத்தால் மறுக்கக் கூடாது. மறுத்தால் பணம் நின்றுவிடும்.

வெர்னனுக்கு வேண்டியதோ பழைய வேலை ஒன்றுதான். "பனி உருகட்டும், பழைய ஆளுங்களை வச்சே திறப்போம்" என்று ஃபோர்மன் கஸ் சொல்லியிருந்தார். அதுவரை வேறு எங்காவது சேர்ந்து, கூப்பிட்டதும் அவர்களை அம்போவென்று விட்டுவிட்டு ஓடிவருவது வெர்னனால் ஆகாத காரியம். அந்த மெஷின் சத்தத்துக்காக அவன் நிஜமாகவே ஏங்கினான். அதனால் தனக்குக் கிடைக்கவே கிடைக்காத வேலைகளாகத் தேடிப் பிடித்துக் கேட்டான்.

"தெரியாட்டிப் போகுது" என்றாள் இமோஜின். "தலை கழுவி விடத்தான் ஆள் வேணும். வர்ற பொம்பளைங்க ஓயாமப் பேசுவாங்க. எதிர்த்துப் பேசாம நிக்கணும். நீ நல்லா நிக்கிற. திங்கக்கிழமை வந்துடு."

வெர்னனுக்கு வியர்த்துவிட்டது.

"மேடம், மேடம்! என்னைவிடப் பொறுமைசாலி ஒருத்தன் இருக்கான். ரஸ்ஸல்னு பேரு. பக்கத்து மெஷின்காரன். அஞ்சு அக்காவோட பொறந்தவன், இதுவரைக்கும் வாயே திறந்ததில்லை!"

திங்கட்கிழமை ரஸ்ஸல் சேர்ந்தான். இடம் நிரம்பிவிட்டதால், மறுத்த கணக்கில் வராமல் வெர்னன் தப்பித்தான்.

அடுத்த வாரம் இறுதிச்சடங்கு நிலையம். முதலாளி ஃபென்டனுக்கு எதிரில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் கெக்கெக்கே என்று சிரித்தான்.

"அப்பாடா!" என்றார் ஃபென்டன். "இங்க எல்லாப் பயலும் உம்முனு இருந்து எனக்கே பயமாயிருக்கு. எப்ப வர்றே?"

"நான் சிரிச்சதெல்லாம் ஒரு சிரிப்பா? எங்க ஃபேக்டரி ஆளு ட்வைட்னு ஒருத்தன் இருக்கான் சார். அவன் பேச ஆரம்பிச்சா பெட்டிக்குள்ள இருக்கறவரே எந்திரிச்சு உக்காருவாரு!"

ட்வைட்டும் சேர்ந்தான்.

பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓட்டுநர் கேட்டார்கள். "பசங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது" என்றான் வெர்னன்.

"எங்களுக்கும்தான்" என்றார் தலைமையாசிரியர். "சாவியைப் பிடி."

அந்தச் சாவி, தொழிற்சாலையில் கூட வேலை பார்த்த, சர்ச்சில் உச்சஸ்தாயியில் பாடும் கிளிஃபர்டிடம் போனது.

வீட்டில் டார்லீன் உருளைக்கிழங்கு மசித்த வேகத்தில் பாத்திரமே நசுங்கியது. "ஊர்ல எல்லார் புருஷனும் வேலைக்குப் போறான். என் புருஷன் மட்டும் வேலை வாங்கிக் குடுக்கறான்!"

"ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா, தன் பிள்ளை தானா வளரும்டி."

"நமக்கேது பிள்ளை? தின்னு."

இப்போது முதலாளிகளே போன் செய்யத் தொடங்கினார்கள். "நீ அனுப்பின ரஸ்ஸல் தங்கமான மனுஷன். அதேமாதிரி இன்னொருத்தனை அனுப்பு" என்றாள் இமோஜின். "ஆள் கிடைக்கலேன்னா நீயே வந்துடு."

அந்தக் கடைசி வாக்கியம் போதும். ஓடி ஓடி ஆள் பிடித்தான். கதவு அடித்தவன், கீல் பூட்டியவன், வண்ணம் தெளித்தவன் என்று ஒவ்வொருவனையும் கெஞ்சிக் கூத்தாடி ஒவ்வோர் இடத்தில் தள்ளினான்.

வெள்ளிக்கிழமை, பந்துருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் அரங்குக்குப் போனால் அவன் குழுவில் ஒருவனும் இல்லை. எல்லோரும் வேலை அலுப்பில் தூங்கப் போய்விட்டார்கள். தனியாக உருட்டினான். ஒரு கட்டைகூட விழவில்லை.

"சும்மாத்தானே இருக்கே, வெர்ன்?" என்று அரங்கின் முதலாளி தோளில் கைபோட்டார். "இங்கேயே ஒரு வேலை..."

அரங்கில் ஆடுவதற்கு வாடகைக்குத் தந்த செருப்பைக்கூடக் கழற்றாமல் வெர்னன் வெளியே ஓடினான். ஓடும்போதுதான் கவனித்தான், தெருவில் பனி உருகியிருந்தது.

வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது. கஸ்!

"கஸ்! திறக்கறோமா?"

"எங்கப்பா திறக்கறது? பழைய ஆளுங்கள்ல பாதிப் பேராவது வந்தாத் திறக்கலாம்னாரு முதலாளி. ஒருத்தன் விடாமக் கூப்பிட்டேன். ஒருத்தன் தலை கழுவறானாம், ஒருத்தன் பொணம் தூக்கறானாம். ஒரு பயலும் வரமாட்டேங்கறான். மெஷினெல்லாம் வேற மாநிலத்துக்கு லாரி ஏறிடுச்சு."

வெர்னன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு அழுகை வந்தது. டார்லீன் வந்து பக்கத்தில் நின்றாள்.

"அப்ப நீங்க?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"அதுக்குத்தான் கூப்பிட்டேன், வெர்ன். கேட்டவன் எல்லாம் உன் பேரைத்தான் சொல்றான். எனக்கும் எங்கயாவது ஒரு வேலை பாத்துக் குடுப்பா!"